உங்க பேரையும் கொடுத்துட்டேன்

"உங்க பேரையும் கொடுத்துட்டேன் சார்."

காலை ஆறரை மணிக்கு, பால் பாக்கெட்டும் கையுமாக லிஃப்டுக்குக் காத்து நிற்கும்போது இந்த வாக்கியத்தைக் கேட்டவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. எதற்குப் பேர், எங்கே, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் பிறகு வாட்ஸ்அப்பில் வரும். "கொடுக்கட்டுமா?" என்ற கேள்வி மட்டும் வராது. 'கொடுத்துட்டேன்' என்று இறந்தகாலத்தில்தான் அவருக்குப் பேச்சே ஆரம்பிக்கும்.

யாரையும் மனதில் வைத்து நான் இதை எழுதவில்லை. இப்படி ஓர் இனம் எல்லா ஊரிலும் உண்டு. செகந்திராபாத் போவன்பள்ளியில் நீலநிற ஸ்கூட்டர் வைத்துக்கொண்டு, அதன் முன்பெட்டியில் நாலு பேனாவும் ஒரு கோடு போட்ட நோட்டும் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இந்தப் பேர்கொடுப்பவருக்கு நோட்டுதான் உயிர். அதில் நம் பேர், பிளாட் நம்பர், ரத்த வகை, ஓய்வுபெற்ற தேதி எல்லாம் இருக்கும். மனைவிக்குத் தெரியாத ஒன்றிரண்டு விஷயங்களும் இருக்கும். மதராஸ் படையோடு செகந்திராபாத் கண்டோன்மெண்டுக்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. அதனால் அவர் தமிழில் பாதிக்கு வால்போல ஒரு தெலுங்குக் 'கதா' தொங்கும். "சும்மாத்தானே இருக்கீங்க கதா?" என்பார். நாம் சும்மா இருக்கிறோம் என்பதை அவர் ஒரு நோயாகவே பார்க்கிறார். மருந்தும் அவரிடமே இருக்கிறது. மூட்டுவலி, மருமகள் சண்டை, மகன் கனடா போன துக்கம், சர்க்கரை எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து: சேவை. அதுவும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, வெறும் வயிற்றில்.

நான் அவர் நோட்டில் ஏறியது ஓர் ஆடி மாதம். அந்தச் சமயம் மனசு சரியில்லாமல் பால்கனியிலேயே உட்கார்ந்திருப்பேன். கீழே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு இரண்டு நாள் அண்ணாந்து பார்த்தார். மூன்றாம் நாள் மேலே வந்துவிட்டார்.

"நம்ம காய்கறி மார்க்கெட்டைப் பாத்தீங்களா சார்? தினம் பத்து டன் குப்பை. அதைப் போட்டு ஐநூறு யூனிட் கரெண்ட் எடுக்கறாங்க. பிரதமரே ரேடியோவுல நம்ம போவன்பள்ளியச் சொன்னார். அழுகின தக்காளிலேர்ந்தே கரெண்ட் வருது. பேங்க்ல முப்பத்தாறு வருஷம் இருந்த உங்ககிட்டேர்ந்து ஒண்ணும் வராதா?"

செய்தி என்னவோ உண்மைதான். 2021 ஜனவரியில் பிரதமர் தம் 'மனதின் குரல்' உரையில் போவன்பள்ளிச் சந்தையைச் சொன்னார். தார்நாக்காவில் இருக்கும் இந்திய வேதியியல் தொழில்நுட்பக் கழகத்தின் தொழில்நுட்பத்தில் ஓடுகிற சாண எரிவாயு மாதிரியான ஆலை அது. ஆனால் அழுகிய தக்காளியைக் கேட்டுக்கொண்டு யாரும் தொட்டியில் போடுவதில்லை என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

முதல் பேர் ஏரிக்குப் போயிற்று. ஹஸ்மத்பேட்டை ஏரி, பழைய ஆட்களுக்குப் போயின் செருவு. பிள்ளையார் சதுர்த்தி முடிந்தால் அக்கம்பக்கத்துப் பிள்ளையாரெல்லாம் அங்கேதான் கரைவார்கள். மற்ற நாளில் ஆகாயத்தாமரை. தெலுங்கில் அதற்கு 'குர்ரபு டெக்க', அதாவது குதிரைக் குளம்பு என்று பேர். இலையைப் பார்த்து வைத்திருப்பார்கள். ஆனால் அது பரவுகிற வேகத்தைப் பார்த்தால் குளம்பு மட்டுமல்ல, முழுக் குதிரையே உள்ளே இருக்கும் போலிருந்தது. ஏழு மணி என்றார்கள். பேனர் வந்தது எட்டே காலுக்கு. பேனர் வராமல் களையில் கை வைக்கக்கூடாது என்பது இந்தச் சேவையின் ஆகமம். பேனர் வந்தபின் கையுறை போதவில்லை. இருபத்திரண்டு பேருக்குப் பதினைந்து கையுறை, அதில் ஒன்பது இடது கை. பதினொரு மணிக்குக் கரையோரம் ஒரு கட்டில் அகலத்துக்குத் தண்ணீர் தெரிந்தது. எல்லோரும் அதன் பின்னால் நின்று படம் எடுத்துக்கொண்டோம். இரண்டு வாரம் கழித்து அந்தப் பக்கம் போனேன். குதிரை திரும்ப வந்து படுத்திருந்தது.

அடுத்தது ரத்ததான முகாம். இரண்டு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒவ்வொரு இடமாக நகர்ந்து மேஜைக்குப் போனால், அந்தப் பெண் படிவத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அங்கிள், 65 வரைதான் எடுப்போம்." எனக்கு அப்போது 67. இது ஊரறிந்த விதி. நோட்டில் என் பிறந்த தேதி இருக்கிறது, ரத்த வகையும் இருக்கிறது. இரண்டையும் ஒரே சமயத்தில் பார்க்கிற பழக்கம் மட்டும் அவருக்கு இல்லை. கேட்டால், "பர்வாலேது சார், ஜூஸ் குடிச்சீங்க கதா?" என்றார்.

பேர்கொடுப்பவர்களின் ரகசியம் இதுதான் என்று நினைக்கிறேன். பேர் கொடுத்ததுமே அவர்கள் மனசில் அந்த வேலை முடிந்துவிடுகிறது. கல்யாணத்தில் மொய் எழுதியதும் பந்திக்குக் கிளம்புகிற மாதிரி. பட்டியல் நீளமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதில் இருக்கிறவர்களுக்குத் தெலுங்கு எழுத வருமா, ஏணியில் ஏற முடியுமா என்பதெல்லாம் சில்லறை.

தெலுங்கு எழுதுவது என்றேனே, அதைச் சொல்லியாக வேண்டும்.

பார்வையில்லாத மாணவர் ஒருவருக்குப் பரீட்சை எழுத ஆள் வேண்டும், உங்க பேரையும் கொடுத்துட்டேன் என்றார். இது எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. தெலுங்கு மீடியமா, இங்கிலீஷா என்று கேட்டேன். "எழுத்துதானே சார்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். ஐதராபாத் பக்கம் வந்து இருபத்தைந்து வருஷமாகியும் எனக்குத் தெலுங்கு பஸ் போர்டு அளவுக்குத்தான் தெரியும், அதுவும் பஸ் நின்றால்தான். மூன்று ராத்திரி உட்கார்ந்து எழுதிப் பழகினேன். தெலுங்கில் எழுத்துக்கு மேலே சின்னதாக ஒரு டிக் போட வேண்டும், தலகட்டு என்பார்கள். நான் எழுத்துக்களை எழுதிக்கொண்டே போய்விட்டு, வரி முடிந்ததும் திரும்பி வந்து வரிசையாகத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்தேன். என் மனைவி எட்டிப் பார்த்து, "பரீட்சை பேப்பரைத் திருத்தறேளா, எழுதறேளா?" என்றாள்.

பரீட்சை நாளில் தெரிந்தது, இங்கிலீஷ் மீடியம் பி.காம். எனக்குப் போன உயிர் வந்தது. பேலன்ஸ் ஷீட் எனக்குத் தாலாட்டு மாதிரி. மேற்பார்வையாளர் என் படிப்பைக் கேட்டார். எம்.காம்., சி.ஏ.ஐ.ஐ.பி. என்று கொஞ்சம் நிமிர்ந்தே சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

மத்திய அரசு 2018 ஆகஸ்டில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, தேர்வர் தானே அழைத்து வரும் எழுத்தர் அவரைவிட ஒரு படி குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. சரியான ஏற்பாடுதான். கணக்குப் பரீட்சைக்குப் பக்கத்தில் ரிட்டயர்டு பேங்க் ஆபீசர் உட்கார்ந்தால் எழுதுவது யாருடைய விடை என்று சொல்ல முடியாது. நியாயம் புரிந்தாலும் வயிறு எரிந்தது. ரத்தத்துக்கு வயசு அதிகம், எழுதுவதற்குப் படிப்பு அதிகம். மனசு சோர்ந்து கிடப்பவன் சேவைக்குப் போனால் தேறிவிடுவான் என்கிறார்கள். சேவையே நம்மை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் அந்தச் சோர்வுக்கு எங்கே போவது?

அந்த மாணவன் பதறவே இல்லை. இண்டர், அதாவது பிளஸ் டூ, படிக்கிற பையன் ஒருவனைக் கூடவே கூட்டி வந்திருந்தான். "அந்த அங்கிள் அனுப்பறவங்க யாரும் உள்ள போனதில்ல சார். நான் எப்பவும் ஸ்பேர் வெச்சிருப்பேன்" என்றான், அவன் தெலுங்கில். வெளியே வராந்தாவில் நான் உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி நேரப் பரீட்சை. மணிக்கு இருபது நிமிஷத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் உண்டு என்பதால் நாலு மணி நேரம். ஏன் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போனால் பால்கனிதானே.

முடித்து வெளியே வந்தவன், "இன்னும் இருக்கீங்களா?" என்றான். பிறகு, காஸ்ட் அக்கவுண்ட்ஸ் படித்துக் காட்ட முடியுமா என்று கேட்டான். கம்ப்யூட்டர் திரையை வாசித்துக் காட்ட என்.வி.டி.ஏ. என்று இலவச மென்பொருள் இருக்கிறது, அவன் அதைப் புயல் வேகத்தில் கேட்பான். ஆனால் லெக்சரர் கையால் எழுதி ஜெராக்ஸ் போட்ட நோட்ஸ் அதற்கு வெறும் படம். அதற்கு மனுஷக் கண்தான் வேண்டும். வியாழக்கிழமை மத்தியானம் வந்தான். அதற்கப்புறம் எல்லா வியாழனும் வருகிறான். நான் வாசித்தால் நிறுத்துவான். "இடது பக்கம், வலது பக்கம்னு சொல்லாதீங்க சார், எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். தலைப்பச் சொல்லுங்க, தொகையச் சொல்லுங்க." என் உச்சரிப்பை நடித்துக் காட்டுவான். முப்பத்தாறு வருஷ சர்வீசில் என்னை இவ்வளவு அதட்டிய மேனேஜர் இல்லை.

இதில் நம்மவருக்கு அக்கறையே இல்லை. பேனர் இல்லை, குழு இல்லை, அவர் கொடுத்த பேரும் இல்லை. "ஒரு ஆளுக்கு ஒரு ஆளா? வேஸ்ட் கதா சார்" என்றார்.

சிந்தி காலனியில் ரோஷ்னி என்று ஓர் அமைப்பு இருக்கிறது. மனம் நொந்தவர்கள் போன் பண்ணினால் தொண்டர்கள் எடுத்துப் பேசுவார்கள். பேசுவார்கள் என்பதைவிடக் கேட்பார்கள். அங்கே வேலையே காது கொடுப்பதுதான். நம்மவர் ஊரில் எல்லா இடத்துக்கும் பேர் கொடுத்திருக்கிறார், அங்கே மட்டும் தன் பேரைக் கொடுத்ததில்லை. நல்லவேளை. கொடுத்திருந்தால் அழுதுகொண்டே கூப்பிடுகிறவரிடம் முதலில் பிளாட் நம்பரைக் கேட்டு, ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கு அனுப்பியிருப்பார்.

அந்த ஆடி மாதம் திருச்சியில் என் அண்ணன் இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. நான் பால்கனியில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அவனை நினைத்துக்கொண்டிருந்தேன். 'என்ன ஆச்சு?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மேலே ஏறி வந்து, காபி வாங்கிக் குடித்து, தக்காளிக் கதை சொன்ன மனுஷனுக்கு அது வரவில்லை. இன்றுவரை வரவில்லை. நோட்டில் அதற்கு ஒரு கட்டம் போடவில்லை போலும்.

இதையும் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் என் மனைவி சும்மா விடமாட்டாள். போன வருஷம் எனக்கு முழங்கால் ஆபரேஷன். ராத்திரி ஆண்கள் வார்டில் துணைக்கு ஆண் ஆள்தான் இருக்கலாம் என்றுவிட்டார்கள். மகன் டொராண்டோவில். சாயங்காலம் நீலநிற ஸ்கூட்டர்காரர் வந்து நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நர்ஸிடம் கொடுத்தார். நாலு ராத்திரிக்கு நாலு பேர். நாலு பேரிடமும் அவர் கேட்கவில்லை என்பது முதல் ஆள் முகத்திலேயே தெரிந்தது. இருந்தும் வந்தார், ராத்திரி பூரா கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு குறட்டை விட்டார். மூன்றாம் நாள் வந்தவரை எனக்கு யாரென்றே தெரியாது. கையில் ரப்பர் கையுறை, தோளில் சாக்கு. ஏரிக்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து வந்தாராம். கொஞ்ச நேரம் வாசலில் நின்றார். பிறகு சாக்கை மடித்துக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, ஆரஞ்சை உரித்துக் கொடுத்தார். விடியும்வரை தூங்காமல் அவர் ஊர் வரங்கல் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். என் அண்ணனைப் பற்றி நானும் அவரிடம் கொஞ்சம் சொன்னேன்.

நாலாவது ராத்திரிக்குப் பேர் இருந்தது, ஆள் வரவில்லை. பத்து மணிக்கு ஸ்கூட்டர்காரரே வந்தார். பேசாமல் உட்கார்ந்தார். அவர் வாயைத் திறக்காமல் இருந்து அன்றுதான் பார்த்தேன். தூங்கிவிட்டார் என்பது பிறகு தெரிந்தது.

முந்தாநாள் காலை மறுபடி லிஃப்ட் வாசல்.

"வியாழக்கிழமை மத்தியானம் கண் பரிசோதனை முகாம். உங்க பேரையும்..."

"வியாழக்கிழமை எனக்கு வேலை இருக்கு" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ரிட்டயரான ஆள், புது முழங்கால், என்ன வேலை? நோட்டைப் பிரித்தார். என் பேரை ஒரு கோடு போட்டு அடித்தார். ஐந்து வருஷத்தில் முதல் தடவை. பாவமாகக்கூட இருந்தது. பேனாவை மூடப்போனவர் நிமிர்ந்து, என் தோளுக்கு மேலே திறந்திருந்த எங்கள் வீட்டுக் கதவைப் பார்த்தார்.

"அப்ப வீட்ல அம்மா சும்மாத்தானே இருக்காங்க கதா?"