படல் நகர்ந்த காடு

காங்கேயத்துக்குத் தெற்கே எங்கள் பூமி மணல் கலந்த செவ்வல். ஓர் அடி ஆழத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் அங்குலத் தண்ணீர்தான் பயிருக்கென்று தங்கும். மிச்சம் வேரைத் தாண்டி இறங்கிவிடும்.

அப்பாரு (தாத்தா) காலத்தில் கிணற்றில் கவலை ஓடியது. எருதுகள் சரிவில் இறங்க, பறி மேலேறித் தொட்டியில் கொட்டும். விடியக் கருக்கலில் பூட்டினால் வெயில் ஏறுவதற்குள் சில பாத்தி சின்ன வெங்காயம் நனையும். கொஞ்சமாக, அடிக்கடி: செவ்வலுக்கு வேண்டியது அதுதான்.

எருவுக்குக் கொறங்காடு என்ற மேய்ச்சல் காடு இருந்தது. முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல மரங்கள். புல்லின் தூர் தெரியும் முன்பே மாடுகளை அடுத்த காட்டுக்கு ஓட்டிவிடுவார்கள். கோடையில் புல் காய்ந்தாலும் வெள்வேலங்காய் உதிரும், செம்மறிக்கு அது போதும். ராத்திரியில் அந்தச் செம்மறிகளை வெங்காயக் காட்டில் படல் கட்டி அடைப்பார்கள், அதுதான் பட்டி. இரண்டு மூன்று நாளுக்கொரு தரம் படலைப் பிடுங்கி நகர்த்தி நடவேண்டும்.

"ஏனுங் அப்பாரு, ஒரே எடத்துல இருந்தா ஆகாதுங்களா?"

"ஆட்டு மூத்திரம் படாத எடத்துல வெங்காயம் கோலிக்குண்டாட்டந்தான் வரும் சாமி."

பிறகு ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் வந்தன. வாரம் ஒருமுறை மடை நிறைய விட்டார்கள். தண்ணீரோடு யூரியாவும் வேருக்குக் கீழே போனது. இலை மஞ்சளித்தது, மறுபடி மூட்டை பிரித்தார்கள். பட்டி போடுவது நின்றுபோனது. எனக்கு இன்றும் ஆறாத கோபம் இதில்தான்.

இப்போது சொட்டுநீர். சிறு, குறு விவசாயிகளுக்கு அரசு முழு மானியம் தருகிறது, மனதார வரவேற்கிறேன். கவலையின் சிக்கனம் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் எரு காணாத செவ்வலில் சொட்டுவானுக்கு அடியில் வெட்டிப் பாருங்கள்: ஈரம் பக்கவாட்டில் அதிகம் பரவாமல் நேரே கீழே இறங்கியிருக்கும். கையில் எடுத்த மண் உருண்டை பிடிக்காமல் உதிரும். சாணமும் புழுக்கையும் மட்கிய இடத்தில் அதே மண் விரல் தடம் பதிய நிற்கிறது. குழாய் தண்ணீரைக் கொண்டுவரும், பிடித்துவைப்பது மட்கு. அந்த மட்கு வரவேண்டிய கொறங்காடுகளோ மனையாகவும் தென்னந்தோப்பாகவும் மாறிக்கொண்டிருக்கின்றன.

எங்கள் கொறங்காட்டை உழவிடவில்லை. கிளுவை பட்டுப்போன இடங்களில் மழைக்கு முன் போத்து நட்டிருக்கிறோம். அறுவடை முடிந்ததும் பட்டி போட ஆட்டுக்காரரிடம் சொல்லியாயிற்று. அதற்குள் சொட்டுநீர்க் குழாய்களைச் சுருட்டி ஓரம் வைக்கவேண்டும். ஆடு மிதித்தால் கிழிந்துவிடும்.