பேட்டரி தின்னும் ஜாகா

எங்கள் வீட்டில் கரண்டு போனால் முதலில் தேடுவது மெழுகுவத்தியை அல்ல, குற்றவாளியை. பீடோங் பாசார் மாலாமில் பத்து வெள்ளிக்கு நான் வாங்கிய எல்.ஈ.டி. டார்ச் லைட், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செத்துப்போகும். போட்ட மூன்று டிரிபிள் ஏ பேட்டரியும் புதுசு.

"உம் மகன் போர்வைக்குள்ள வச்சு விளையாடியிருப்பான்" என்பார் அம்மா.

"உங்கம்மா கோழிக்கூண்டைப் பார்த்துட்டு அணைக்காம வந்திருப்பா" என்பார் அப்பா.

அப்பா முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் இருட்டிலேயே நிரையில் நிற்க வேண்டும். கார்பைடு கல்லில் தண்ணீர் சொட்டினால் வாயு கிளம்பி எரியுமே, அந்த விளக்குதான் அவர் நெற்றியில். பிறகு வந்தது இரண்டு தடிப் பேட்டரி போட்ட தகர டார்ச். மங்கினால் பேட்டரியைத் தகரக் கூரையில் காயவைப்பார்கள். சூட்டில் உள்ளே ரசாயனம் கொஞ்சம் துடிக்கும், ஓர் இரவு ஓடும். என் பொடிப் பேட்டரிகளையும் அப்பா அப்படித்தான் காயவைத்தார். ஒன்றைப் பூனை உருட்டிக்கொண்டு போய்விட்டது.

கடைசியில் பக்கத்து வீட்டு வயர்மேன் அண்ணனிடம் மீட்டர் இரவல் வாங்கினேன். ஆம்பியரில் வைத்துப் பேட்டரியின் இரு முனையிலும் நேராகத் தொட்டேன். மீட்டரின் ஃபியூஸ் போனது. (அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் சுட்டது.) அவரே ஃபியூஸ் மாற்றி, டார்ச்சின் வால் மூடியைக் கழற்றி, ஒரு கம்பியைப் பேட்டரியின் அடியிலும் மற்றதை உடம்பின் விளிம்பிலும் வைத்தார். விளக்கு அணைந்துதான் இருந்தது. மீட்டரோ 3 மில்லி ஆம்பியர் காட்டியது.

நாளுக்கு 72 மில்லி ஆம்பியர்-மணி. நல்ல அல்கலைன் டிரிபிள் ஏயில் இருப்பதே சுமார் 1000. வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய பதினான்கு நாள்! மகனும் கோழியும் நிரபராதிகள்.

தகர டார்ச்சில் சுவிட்சைத் தள்ளினால் பித்தளைத் தகடு விலகும். பாதை அறுந்தது, கதை முடிந்தது. இதில் பக்கவாட்டில் ஒரு ரப்பர் பொத்தான். ஒரு தட்டுக்குப் பளீர், அடுத்ததற்கு மங்கல், மூன்றாவதற்குக் கண்சிமிட்டல். எத்தனையாவது தட்டு என்று எண்ண உள்ளே ஒரு சில்லு உட்கார்ந்திருக்கிறது. நல்ல சரக்கென்றால் ஏறக்குறைய தூங்கிக்கொண்டே காத்திருக்கும். பத்து வெள்ளி சில்லுக்குத் தூங்கத் தெரியாது. நீல எல்.ஈ.டி.க்காக மூன்று பேருக்கு 2014இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த நீலத்தால்தான் இந்த வெள்ளை வெளிச்சமே. சுவிட்சை யாரும் கவனிக்கவில்லை போலும்.

"தோட்டத்து ஜாகா மாதிரி" என்றார் அப்பா. "ஸ்டோரைக் காவல் காக்கச் சொன்னா, ஸ்டோரையே தின்னுட்டான்."

வால் மூடியைத் தளர்த்தி வைக்கலாம் என்றேன். "இருட்டுல திருகி முடிக்கிறவரைக்கும் பாம்பு நிக்குமா?" என்றார். சரியென்று நாள்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து, மடித்து, பேட்டரிக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே செருகி, நுனியை வெளியே நீட்டி வைத்தேன். இழுத்தால் விளக்கு தயார். ஒரு மாதமாகப் பேட்டரிக்குக் குறைவில்லை.

அவசரத்தில் நான் கிழித்தது அடுத்த மாதத் தாள். இப்போது ஏகாதசி என்றைக்கு என்று பார்க்க, அம்மா தினமும் டார்ச்சைத் திறக்கிறார்.