தூரம் குறைந்தால் பயம் குறையும்

கே: தடுப்பூசி எல்லா ஊரிலும் இலவசம். பிறகு ஏன் ஓரிடத்தில் அதிகம், ஓரிடத்தில் குறைவு?
– கரூர் வாசகி

ப: மருந்துக்குத்தான் காசில்லை. பஸ்ஸுக்கு உண்டு, போகும் நாளின் கூலியும் போகும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஒன்று முதல் இரண்டு வயதுப் பிள்ளைகளில் அடிப்படைத் தடுப்பூசிகள் அனைத்தையும் பெற்றவர்கள் ஒடிசாவில் நூற்றுக்கு 90 பேர், நாகாலாந்தில் 58. ஒடிசா பணக்கார மாநிலமில்லை. மாநிலத்திடம் பணமிருந்தால்தான் முடியும் என்று எவரும் சாக்குச் சொல்ல முடியாது.

கே: தமிழ்நாடு என்றைக்கும் முன்னணிதானே?
– தஞ்சாவூர் வாசகர்

ப: சறுக்கியிருக்கிறோம். அந்தத் தடுப்பூசிகள் அனைத்தையும் பெற்ற பிள்ளைகள் 2005–06இல் 81 விழுக்காடு, 2015–16இல் 70. நடுவில் 2008 ஏப்ரலில், திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசிக்குப் பின் நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அதன்பின் ஊருக்குள் ஊசி போடுவது நின்று, டாக்டர் இருக்கும் இடங்களுக்கு மாறியது. பாதுகாப்பை நினைத்து எடுத்த முடிவுதான். ஆனால் அங்கன்வாடி வாசலில் கிடைத்த ஊசிக்கு, தாய்மார்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதாயிற்று. பிறகு மீண்டு, 2019–21இல் 89ஐத் தொட்டோம்.

கே: படிக்காதவர்கள்தானே மறுக்கிறார்கள்?
– கோவை வாசகர்

ப: 2017இல் தட்டம்மை–ரூபெல்லா முகாம் தொடங்கியபோது நம் ஊரில் பீதியைப் பரப்பியது வாட்ஸ்அப். எழுதத் தெரியாதவர் கையிலா அது இருந்தது? எழுத்தறிவில் சிறந்த கேரளத்தில், மலப்புரம் மாவட்டத்தில் 2016இல் தொண்டை அடைப்பான் திரும்பி வந்து உயிர்களைக் குடித்தது. படிப்பு வேண்டும்; சொல்பவர் மேல் நம்பிக்கை அதைவிட வேண்டும்.

கே: போலியோ சொட்டு மருந்தை முஸ்லிம்கள் மறுத்தார்களாமே?
– வாணியம்பாடி வாசகி

ப: மேற்கு உத்தரப் பிரதேசத்தில் சிலர் அஞ்சினார்கள், மருந்து மலடாக்கும் என்று வதந்தி. சாக்கடையும் குடிநீரும் கேட்டபோது வராத அரசு, சொட்டு மருந்தோடு மட்டும் திரும்பத் திரும்பக் கதவைத் தட்டினால் சந்தேகம் வராதா? அந்தச் சந்தேகத்தை முகாம் நடத்தியவர்கள் மதித்தார்கள். பள்ளிவாசலில் அறிவிப்பு ஒலித்தது. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் கைகோத்தது. அதே தெருப் பெண்கள் வீடுவீடாகப் பேசினார்கள். 2011 ஜனவரிக்குப் பின் இயற்கையில் பரவும் போலியோ வைரஸ் இந்தியாவில் யாரையும் முடக்கவில்லை. அந்த வெற்றியில் அந்த வீடுகளுக்கும் பங்குண்டு.

கே: மாவட்டச் சராசரி 95 இருந்தால் நிம்மதியாக இருக்கலாமா?
– சேலம் வாசகர்

ப: நூற்றில் மீதி 5 பேர் எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். சிதறியிருந்தால் சுற்றியிருப்பவர்கள் அரணாவார்கள். ஒரே செங்கல் சூளையில் சேர்ந்திருந்தால் தட்டம்மைக்கு வாசல் திறந்துவிட்டோம் என்று பொருள். சூளை வேலைக்காக ஊர் ஊராகப் போகும் குடும்பத்தின் பிள்ளை, சொந்த ஊர்ப் பதிவேட்டிலும் விட்டுப்போகிறது, வந்த ஊரிலும் விட்டுப்போகிறது.

கே: நான் என்ன செய்யட்டும்?
– மதுரை வாசகி

ப: பக்கத்தில் கைக்குழந்தை இருந்தால் தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை–ரூபெல்லா ஊசி. 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது. விட்டிருந்தால், “ஏன் போடலை?” என்று கேட்காதீர்கள். “புதன்கிழமை ஊசி போட நானும் கூட வரட்டுமா?” என்று கேளுங்கள்.