காலி மனையில் குப்புறக் கிடப்பவன்

பூச்சியைப் படம் எடுக்கக் காடு மலை ஏற வேண்டியதில்லை. எருக்கஞ்செடி மண்டிய ஒரு காலி மனை போதும். ஆனால் காலை ஆறு மணிக்குக் காலி மனையில் குப்புறக் கிடப்பவனை நம் ஊரில் யாரும் சும்மா கடந்து போவதில்லை. "தம்பி, உடம்புக்கு முடியலையா?" என்பார் பால் வாங்கப் போகும் அம்மா. வாக்கிங் வரும் பெரியவர் நேராக விஷயத்துக்கு வருவார்: "கிரவுண்டு என்ன விலை சொல்றாங்க?" வெட்டுக்கிளியைப் படம் எடுக்கிறேன் என்றால் ஒருவரும் நம்புவதில்லை. மனையில் ஏதோ வில்லங்கம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

ஆறு மணிக்குப் போவதற்குக் காரணம் உண்டு. பூச்சிக்கு உடம்புச் சூடு பெரும்பாலும் வெயிலிலிருந்துதான் வர வேண்டும். அதுவரை தும்பி இறக்கையில் பனித்துளியோடு புல் நுனியைப் பிடித்துக்கொண்டு பரம சாதுவாகத் தொங்கும். வெயில் ஏறிவிட்டால் நம்மை மதிக்காது. அப்போதும் துரத்தக்கூடாது. பல தும்பிகள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே குச்சிக்குத் திரும்பும். குச்சிக்குப் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். நம் நிழல் அதன்மேல் விழாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். பூச்சியை ஃப்ரிட்ஜில் வைத்து விறைக்கவிட்டு எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அது அயோக்கியத்தனம். தவிர, எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் தோசை மாவுக்கே இடம் கிடையாது.

உண்மையான ரோதனை ஃபோகஸ்தான். மேக்ரோ லென்ஸில் பூச்சியின் நிஜ அளவுக்கே பிம்பம் விழும்படி நெருங்கினால், எஃப் 11 வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் ஒன்றரை மில்லிமீட்டருக்குள்தான். கட்டெறும்பின் கண் துலக்கமாக இருந்தால் அதன் வயிறு மங்கிப்போயிருக்கும். எஃப் 22 வைக்கலாமே என்பீர்கள். வைத்தால் ஒளியின் விளிம்பு விளைவு தலையெடுத்து மொத்தப் படமும் மழுங்கிவிடும். ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, தூரத்தை நிலையாக வைத்துக்கொண்டு, உடம்பைத்தான் இம்மி இம்மியாக முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். காற்றடித்தால் அதுவும் போச்சு. அதற்கு ஒரு வழி: இடது கையால் செடியின் காம்பைப் பிடித்துக்கொண்டு அதே கைமேல் லென்ஸைச் சாய்த்துவிடுங்கள். இலை ஆடினால் கேமராவும் கூடவே ஆடும். எருக்கங்காம்பு என்றால் ஒடிக்காமல் பிடியுங்கள். அந்தப் பால் பட்ட கையால் கண்ணைத் தேய்த்தால் அப்புறம் படமும் இல்லை, பார்வையும் சந்தேகம்.

"கண்ணில் ஃபோகஸ் செய்" என்பது எல்லோரும் ஓதும் வேதம். எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் அந்த வேதம் செல்லாது. அங்கே எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் வளர்கின்றன. சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம் மாதிரியே இருக்கும், வளர்ந்ததும் பச்சை. மேலே உருட்டி விழிக்கிறதே, அந்தக் கண்கள் வெறும் பொட்டுகள். நிஜத் தலை அதற்குக் கீழே ஒடுங்கிக் கிடக்கும். லென்ஸ் உரசினால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சளாக ஒரு கவட்டைக் கொம்பை நீட்டி நாற்றத்தைக் கிளப்பும். அந்தக் கொம்பு வெளியே வரும் நொடிக்காக நான் காத்துக் கிடக்கும்போதுதான் உள்ளேயிருந்து குரல் வரும்: "ஏங்க, ரசம் இறக்கிட்டேன், கறிவேப்பிலை எங்க?"

வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். நேரடியாக ஃபிளாஷ் அடித்தால் பொன்வண்டின் முதுகில் வண்டு தெரியாது, பல்பு தெரியும். நடுவில் வெள்ளையாக ஒரு திரை வேண்டும். அது எவ்வளவு பெரிதோ, பூச்சிக்கு எவ்வளவு பக்கமோ, ஒளி அவ்வளவு இதமாகப் பரவும். புது டிவி வந்தபோது அதைச் சுற்றியிருந்த மெல்லிய ஃபோம் ஷீட்டைத்தான் நான் முதலில் பத்திரப்படுத்தினேன். டிவி வேலை செய்கிறதா என்று பிறகு மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

ஆகவே, அடுத்த லென்ஸுக்குப் பணம் சேர்ப்பவர்களே, கொஞ்சம் பொறுங்கள். கையிலிருக்கும் 50 எம்எம் லென்ஸைத் தலைகீழாக மாட்ட ஒரு வளையம் கிடைக்கிறது. விலை சில நூறு ரூபாய்தான். ஃபோம் ஷீட் எங்கள் வீட்டில் இன்னும் மிச்சமிருக்கிறது. வந்து வாங்கிக்கொள்ளுங்கள், காசு வேண்டாம்.