சித்தூர்–திருப்பதிச் சாலையில் கார் ரேடியோக் கரகரப்பு: ஒரு பூர்வாங்க ஆய்வு

கார் ரேடியோ ஏன் கரகரக்கிறது என்பது பற்றி இச்சாலையில் இரண்டு கட்சிகள் உண்டு. ஓட்டுநர் கட்சி பழியை மலைமேல் போடும். பின்சீட்டுக் கட்சி, நிலையத்தார் தூங்கிவிட்டார்கள் என்னும். ரேடியோவின் தலையில் உள்ளங்கையால் அறைவதில் மட்டும் இரு கட்சியும் ஒன்று. அறைந்தால் குணமாவதும் உண்டு. ஆனால் ஏரியல் பிளக் தளர்ந்த வண்டிகளுக்கே அது பலிக்கும் என்பதால் பொதுவிதி ஆகாது.

இதே வழியில் காதங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்குள்ள 53 மெகாஹெர்ட்ஸ் ராடார், 1,024 ஏரியல்களை விரித்து, மேலே காற்றின் கலக்கத்தில் பட்டுத் திரும்பும் மிக மெல்லிய எதிரொலியைப் பிடிக்கிறது. அதற்கு எட்டுகிற காற்றின் முணுமுணுப்பு இருக்கட்டும். காருக்குள் நமக்கு மாநிலச் செய்தியே எட்டுவதில்லை.

எமது துணிபு: பகைவன் பானெட்டுக்குள் இருக்கிறான். 1901-இல் மார்க்கோனி அட்லாண்டிக்கைத் தாண்டி சமிக்ஞை அனுப்பியது மின்பொறியைக் கொண்டுதான். பெட்ரோல் காரின் ஸ்பார்க் பிளக்கும் பல ஆயிரம் வோல்ட்டில் அதையே செய்கிறது. ஆகவே பெட்ரோல் கார்க்காரர் ஒவ்வொருவரும் உரிமமின்றி ஒலிபரப்பு நிலையம் நடத்துகிறார், நேயரும் அவரே. டீசல்காரர் நிரபராதி, அங்கே பொறிக்கு வேலையில்லை.

சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் போன்ற மத்திய அலை, ஒலியை அலையின் உயரத்தில் ஏற்றி அனுப்புகிறது. பொறியும் கைவைப்பது அந்த உயரத்தில்தான். பண்பலை ஒலியை அதிர்வெண்ணில் ஒளித்துக்கொண்டு பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால் சுமார் மூன்று மீட்டர் நீளமுள்ள அதன் அலை குன்றைச் சுற்றி வளையத் தயங்கும். திருமலை மலைப்பாதையில், ஆக, ஓட்டுநர் கட்சிக்கே வெற்றி.

நோய்நாடல் எளிது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க 'டிக்டிக்' விரைந்தால் பிளக்கும் வயரும். 'உய்ங்ங்' என்று சுருதி ஏறினால் ஆல்டர்னேட்டர். மருந்து: எண்ணில் 'ஆர்' எழுத்துள்ள ரெசிஸ்டர் பிளக், ஆல்டர்னேட்டருக்கு ஒரு கன்டென்சர், பானெட்டையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை, ஏரியல் அடியில் துருவைச் சுரண்ட உப்புத்தாள்.

எஞ்சின் வேகம் எப்படி மாறினாலும் மாறாத இரைச்சலா? சிகரெட் லைட்டர் துளையில் செருகிய மலிவு மொபைல் சார்ஜரைச் சந்தேகிக்கலாம். பிடுங்கிப் பார்ப்பதே சோதனை. பிடுங்கினால் பின்சீட்டிலிருந்து எழும் இரைச்சலை அடக்கும் கன்டென்சர் மட்டும் இன்னும் கடைக்கு வரவில்லை.