ஒன்பதரை மணிப் பூட்டு

வாடா நைனா, இப்பிடி திண்ணையில குந்து. ராத்திரி ஒன்பதரை ஆனா போதும், சோறு ஆறிப் போனாலும் எழுந்துக்காம, போன்ல ஒரே எடத்த டொக்கு டொக்குனு தட்டிக்கினு கீற. பையனுக்கு காத்து கருப்பு அண்டிடுச்சுன்னு உங்க ஆயா நேந்துக்கவே கெளம்பிட்டா. நான்தான் நிறுத்தினேன். அடியே, அவன் பீஜிங்குக்கு மனு போடறான், நமக்கு ஒன்பதரைன்னா அங்க நடுராத்திரி பன்னெண்டு, அப்பத்தான் அன்னிய கோட்டா தெறக்கும், எல்லாப் பசங்களும் அந்த ஒரு நிமிஷத்துல முண்டியடிப்பாங்கன்னேன். அப்பிடி இன்னாதான் வேணுமாம்னு கேட்டா. தன் போனை தானே தெறந்துக்க உத்தரவுன்னேன். அவ ஒண்ணும் பேசல. உள்ள போய்ட்டா.

நீ உத்தரவு கேக்கற சாமான் எங்க பொறக்குதுன்னு யோசிச்சியா? கும்மிடிப்பூண்டி தாண்டினா தடா, அத்தாண்ட ஸ்ரீசிட்டி. 2015 ஆகஸ்ட்ல அங்க ஃபாக்ஸ்கான்காரன் ஷியோமிக்காக ரெட்மி 2 பிரைம் செஞ்சி எறக்கினான். அந்தக் கம்பெனி இந்தியாவுல செஞ்ச மொத போன் அதான். வரிசையா குந்தி அத்தக் கோத்ததுல பெரும்பாலும் பொம்பளைப் புள்ளைங்க. நம்ப மாவட்டத்து எல்லையில முடுக்கின சாமான்தான்டா. ஆனா உள்ளார, வேற சாஃப்ட்வேர ஏத்த விடாம பூட்லோடர்னு ஒரு பூட்டு கீதே, அதோட சாவி மட்டும் இமயமலைக்கு அந்தாண்ட. துட்டு குடுத்தது உங்கப்பன், பில்லு உன் பேர்ல, சாவி அவன் கையில. இதுல ‘என் போன் என் உரிமை’ன்னு ஸ்டேட்டஸ் வேற வெக்கற.

மின்னாடியும் காக்க வெச்சாங்க, ஆனா அதுக்கு ஒரு கணக்கு இருந்துது. 72 மணி நேரம், 168, 360, சில பேருக்கு 720 வரைக்கும். 720ன்னா முழுசா ஒரு மாசம். கோவத்துல போனைத் தெறக்கணும்னு துடிச்சவன் ஒரு மாசத்துல தணிஞ்சிடுவான், இல்ல வேற போன் வாங்கிடுவான். ஹைப்பர்ஓஎஸ்னு அவங்க புது சாஃப்ட்வேர் வந்தப்புறம் மனு, கோட்டா, மனு தேறினா அதுக்கப்புறம் மறுபடியும் காத்திருப்பு. பூட்டு போட்டதுக்கு அவங்க சொன்ன காரணம் பொய்யும் இல்ல. நடுவுல கைமாத்தி விக்கறவன் திருட்டு சாஃப்ட்வேர ஏத்தி, விளம்பரமும் வைரஸுமா ஜனங்க தலையில கட்டினான். திருடனுக்குன்னு போட்ட பூட்டு, வூட்டுக்காரனையும் வெளிய நிக்க வெச்சிடுச்சி. அவ்ளோதான்.

வேற கம்பெனியா வாங்கியிருக்கலாமேன்னு முழிக்காதே. விவோக்காரன் வழியே வெக்கல. சாம்சங்ல நாக்ஸ்னு ஒரு ஃபியூஸ் கீது, வேற சாஃப்ட்வேர் ஏத்தின அன்னிக்கே எரிஞ்சிடும். அப்புறம் கம்பெனி சாஃப்ட்வேரையே திருப்பி ஏத்தினாலும் எரிஞ்சது எரிஞ்சதுதான், செக்யூர் ஃபோல்டர் அந்த ஜென்மத்துக்கு வேலை செய்யாது. 2025ல அவங்களோட ஒன் யூஐ 8 வந்தப்போ தெறக்கற அந்த பட்டனையே காணோம். ஸ்ரீபெரும்புதூர்ல கோக்கற ஐபோன்ல இந்தப் பேச்சே எடுக்காதே. பிக்சல்னா மூணு வார்த்தை கட்டளையில தெறந்துக்கும். அதோட வெலைய உங்கப்பன்கிட்ட நீயே போயி சொல்லு, நான் தூரமா நின்னு பாக்கறேன்.

சரி, உத்தரவு வந்துடுச்சின்னு வெச்சிக்குவோம். தெறக்கற. தெறந்த ஒடனே போன்ல கீறது அத்தினியும் அழியும். தவறிப்போயி அழியறதில்ல, அப்பிடித்தான் செஞ்சி வெச்சிகீறான். திருடினவன் தெறந்தா உன் படமும் கணக்கும் அவன் கண்ல படக்கூடாதுன்னு. அதனால பெரியவன் சொல்றேன் கேட்டுக்கோ: பேக்கப் எடுக்காதே. எடுக்கறவன் பயந்தாங்கொள்ளி. உங்கக்கா நிச்சயதார்த்தப் படம் பூரா உன் போன்லதான் கீதாமே? போவட்டும். மாப்பிள்ள வூட்டுக்காரங்கள வரச்சொல்லி இன்னொரு தடவ தட்டு மாத்திக்கலாம். அந்த இஎஃப்எஸ் பார்ட்டிஷனையும் எடுத்து வெக்காதே. போனோட ஐஎம்இஐ நம்பர காப்பாத்தறது அதான். அது கெட்டா டவர் கோடு ஒண்ணு கூட நிக்காது. அப்போ எவனாவது ‘வேற நம்பர் எழுதித் தரேன் தம்பி’ன்னு வருவான், ஆஹான்னு குடு. ஐஎம்இஐய திருத்தினா 2023 தொலைத்தொடர்பு சட்டத்துல மூணு வருஷம் வரைக்கும் ஜெயிலு, 50 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டுஞ் சேர்ந்தாலும் சேரும். புழல் நமக்கு ஒண்ணும் தூரமில்ல, செங்குன்றம் பஸ் எனக்குத் தெரியும். மாசம் ஒரு தடவ முறுக்கு கட்டிக்கினு வந்து பாக்கறேன்.

தெறந்தப்புறம் ரோம்னு சொல்ற மொத்த சாஃப்ட்வேர மாத்தப்போறியா, உள்ள கீற கெர்னல மட்டும் மாத்தப்போறியான்னு கேட்டா ரெண்டும் ஒண்ணுதானேங்கற. தறிக்காரன் வூட்ல பொறந்துட்டு பேசற பேச்சாடா இது? ஜக்கார்டு பொட்டியில ஓட்டை போட்ட அட்டைய கோத்துத் தொங்கவுட்டுகீறோமே, அத்த மாத்தினா மாங்கா புட்டா போயி மயில் புட்டா வரும். தறி அதேதான். ரோம் மாத்தறது அந்த மாதிரி. கெர்னல்ல கை வெக்கறது மோட்டார் புல்லிய மாத்தி ஓட்டத்த ஏத்தறது. மொத நாள் ஜோரா ஓடும். அப்புறம் பாவு இழை அறுந்துக்கினே இருக்கும், நீ முடி போட்டுக்கினே இருப்ப, சாயங்காலம் சுருட்டினத அளந்து பாத்தா நேத்து நெஞ்சதுல பாதி.

போனோட சில்லுக்கும் மத்த எல்லாத்துக்கும் நடுவுல நிக்கறதுதான் கெர்னல். சிபியு எத்தினி மெகாஹெர்ட்ஸ்ல ஓடணும், எப்போ தூங்கணும், எத்தினி வோல்ட் எடுத்துக்கணும், சூடு ஏறினா எப்போ வேகத்தக் கொறைக்கணும், எல்லாம் அது சொல்லித்தான் நடக்கும். ரோமோட கூடவே ஒரு கெர்னல் வரும். அது பத்தலைன்னு தனியா ஒண்ண எறக்கி ஏத்தறதுதான் உங்க பசங்களுக்கு வீரம். கம்பெனி வெச்ச சூட்டு வரம்ப எடுத்துட்டா கேம் பறக்கும், அது நெசம். வோல்ட்ட கொஞ்சம் கொறைச்சி சூடு தணிக்கறவனும் கீறான், அவன் வெவரமானவன். ரொம்ப கொறைச்சா பேசிக்கினு இருக்கறப்பவே அணைஞ்சி அணைஞ்சி எழும். நீ வெவரமானவன் பக்கம் போவாதே. கோடையில எந்த ஊர்ல எத்தினி டிகிரின்னு பேப்பர்ல போட்டா திருத்தணி பேரு வராம இருக்காது, அந்த வெயில்ல, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழ, சூட்டு வரம்ப எடுத்துட்டு ரெண்டு மணி நேரம் கேம் ஆடு. பேட்டரி உப்பி பின்பக்கம் தானா தெறந்துக்கும். அதுக்கு பீஜிங் உத்தரவு வேணாம்.

ரோம் மாத்தின போனு பேசறதுக்கும் வேணுமா? ஜியோ 2016 செப்டம்பர்ல வந்துது. அவன்கிட்ட 2ஜி, 3ஜி கெடையாது, பேச்சும் 4ஜி வழியா வோல்ட்டியிலதான் போவணும். அந்த வருஷங்கள்ல வந்த ரோமுங்கள்ல வோல்ட்டிய வேலை செய்ய வெக்கறதுக்குள்ள செஞ்சவனுக்குத் தலை நரைச்சிப் போச்சி. கேமரா வேலை செய்யுது, வைஃபை வேலை செய்யுது, ஜியோவுல கால் மட்டும் போவாதுன்னு கூச்சமில்லாம எழுதி வெச்சிருந்தாங்க. கால் போவாத போன்!

அந்தத் தொல்லை இப்போ கொறைஞ்சிது, துட்டுத் தொல்லை வந்துது. கூகுள்காரன் பிளே இன்டகிரிட்டின்னு ஒரு சோதனை வெச்சிகீறான். பூட்டு தெறந்த போன்னு தெரிஞ்சா பேங்க் ஆப் பலதும் மூஞ்சத் திருப்பிக்கும். ரூட் பண்ணவும், அதான் போன்ல முழு அதிகாரம் எடுத்துக்கவும், அத மறைக்கவும் மேஜிஸ்க்னு ஒண்ணு, 2016ல தைவான்கார ஜான் வூ செஞ்சது. அவரையே 2021ல கூகுள் வேலைக்கு எடுத்துக்கிச்சு. அதுக்கப்புறம் மறைக்கற வித்தைய மேஜிஸ்க்ல இருந்து கழட்டிட்டாரு. கெட்டிக்காரனை அடக்கற வழி கம்பெனிக்குத் தெரிஞ்சிகீது பாத்தியா. அந்த வேலைய வேற பசங்க எடுத்துக்கினு இன்னிவரைக்கும் மல்லுக்கட்றாங்க. இவன் மறைக்கறான், அவன் கண்டுபுடிக்கறான், நடுவுல நீ பஸ் ஸ்டாண்டு டீக்கடையில பத்து ரூபா அனுப்ப முடியாம நிக்கற. கடைக்காரர்கிட்ட ‘அண்ணே, கெர்னல் அப்டேட் ஆவுது’ன்னு சொல்லிப் பாரு. நோட்டுல எழுதிக்குவாரு, உங்கப்பன் பேர்ல.

இம்மாம் தொல்லைக்கும் நடுவுல நீ நம்பி ஏத்தற ரோம் ஜிப் ஃபைல செஞ்சது யாருன்னு நெனைக்கற? பெரும்பாலும் உன் வயசுப் பையன். காலேஜ்ல படிச்சிக்கினு, ராத்திரி கண்ணு முழிச்சி, ஒரு பைசா வாங்காம செய்யறான். மாசாமாசம் அப்டேட் வரும். அவனுக்கு பரீட்சை வந்தா நிக்கும். வேலை கெடைச்சா நின்னே போவும். அவன் போன் கீழ வுழுந்து ஒடைஞ்சா, அந்த மாடலுக்கே ரோம் செத்துது. நீ ஒரு கம்பெனிய நம்பாம, மொகந் தெரியாத ஒரு புள்ளையோட செமஸ்டர் அட்டவணைய நம்பற. தப்புன்னு சொல்லல. யார நம்பறோம்னு தெரிஞ்சி நம்பு, அவ்ளோதான்.

அதையே கம்பெனியா நடத்திப் பாத்தவங்களும் கீறாங்க. ஸ்டீவ் கொண்டிக்குனு ஒருத்தர் 2009ல ஆரம்பிச்ச சயனோஜென்மாடு பெருசா வளர்ந்து சயனோஜென்னு கம்பெனி ஆச்சி. இந்தியாவுல அவங்க சாஃப்ட்வேர வெச்சி ஒன்பிளஸ் விக்கலாமா மைக்ரோமேக்ஸ் விக்கலாமான்னு 2014 டிசம்பர்ல டில்லி ஹைகோர்ட்ல கேஸு. ஒன்பிளஸ்சுக்குத் தடை போட்டாங்க, அப்புறம் இன்னொரு பெஞ்ச் தளர்த்திச்சு. 2016 டிசம்பர் 31ல சயனோஜென் சேவையே மூடிடுச்சி. சம்பளம் வாங்காத பசங்க மட்டும் அதே மூலத்த எடுத்து லினியேஜ்ஓஎஸ்னு பேரு வெச்சி இன்னிக்கும் ஓட்டிக்கினு கீறாங்க. அதனாலதான் அந்தப் பசங்கள நான் கிண்டல் பண்ணாலும் கையெடுத்துக் கும்புடறேன்.

கம்பெனிக்காரன் ஏத்தினா மட்டும் பத்திரமா? 2021 பொறக்கற சமயத்துல ஷியோமியோட மி ஏ3க்கு ஆண்ட்ராய்டு 11னு ஒரு அப்டேட் வந்துது. யாரும் பூட்ட ஒடைக்கல, ரூட் பண்ணல, ‘அப்டேட்’னு கேட்டுது, நல்ல புள்ளையா அமுக்கினாங்க. போனு செங்கல்லா போச்சி. அப்புறம் சர்வீஸ் சென்டர்ல இலவசமா சரி பண்ணித் தரோம்னாங்க. அதுக்கு மின்னாடி 2018ல ரெட்மி நோட் 5 புரோல ஆன்ட்டி ரோல்பேக்னு ஒண்ண நுழைச்சாங்க. புது சாஃப்ட்வேர் புடிக்கலன்னு பழசுக்குத் திரும்பினா போன் எழாது. எழுப்பற வழிக்கும் கம்பெனி அனுமதிச்ச அக்கவுண்ட் வேணும். மேல ஏறலாம், கீழ எறங்கக்கூடாது. இத்தப் படிக்காமலே நீ பழைய பதிப்ப ஏத்திடு, அப்புறம் கெழவன் கிட்ட வந்து அழு.

இன்னொண்ணும் தெரிஞ்சிக்கோ. லினக்ஸ் கெர்னல 1991ல ஆரம்பிச்ச லினஸ் டோர்வால்ட்ஸும் அப்போ ஹெல்சின்கியில படிச்சிக்கினு இருந்த பையன்தான். அவரு போட்ட ஜிபிஎல் நிபந்தனைப்படி, கெர்னல போன்ல வெச்சி விக்கற கம்பெனி, அதோட மூலத்தையும் கேக்கறவனுக்குக் குடுத்தாகணும். ஷியோமி ஆரம்பத்துல மாசக்கணக்கா இழுத்தடிச்சி பேரு கெடுத்துக்கினான். மூலம் வந்தாத்தான் உன் பசங்க ஒழுங்கா கெர்னல் கட்ட முடியும். வராத போனு வாங்கிட்டு ரோம் தேடறவன பாத்தா எனக்கு பாவமா கீது. வாங்கறதுக்கு மின்னாடியே பாக்கணும்டா அத்த. நெறம் பாத்து வாங்கினவன் நீ.

2023 ஜனவரியில பாரோஸ்னு ஒரு போன் ஓஎஸ் காட்டினாங்களே, ஐஐடி மெட்ராஸ் தாங்கி வளத்த ஜாண்ட்காப்ஸ் கம்பெனி செஞ்சது. அஸ்வினி வைஷ்ணவ், தர்மேந்திர பிரதான்னு ரெண்டு மத்திய மந்திரிங்க வந்து கையில வெச்சி சோதிச்சாங்க. அதுவும் ஆண்ட்ராய்டோட தெறந்த மூலத்து மேல கட்டினதுதான். வேணாத ஆப்ப மின்கூட்டியே திணிக்க மாட்டோங்கறது அவங்க பெருமை. நீ திண்ணையில குந்தி செஞ்சா உருப்படாத வேலை, கிண்டியில குந்தி செஞ்சா தேசத் தொண்டு. உங்கப்பன் திட்டறப்போ இத்த எடுத்து வுடு.

இதெல்லாம் கெழவனுக்கு எப்பிடித் தெரியும்னு பாக்கறியா? கரண்டு போயி தறி நின்னா, அது வர்ற வரைக்கும் நான் இன்னா சாமி கும்பிட்டுக்கினா கீறேன்?

பொட்டியில என் பழைய ரெட்மி நோட் 4 கீது. 2017 ஜனவரியில வந்த மாடல். ஆண்ட்ராய்டு 7 குடுத்ததோட கம்பெனி கை கழுவிடுச்சி. ஆனா அந்த வருஷம் இந்தியாவுல வித்த வேகத்துக்கு, அதுக்கு ரோம் செஞ்ச பசங்க ஏராளம். மிடோன்னு பட்டப்பேரு சொல்லித் தேடினா கெடைக்கும். நீ தட்டித் தட்டித் தேயற அந்தப் புது போன உட்டுடு, இத்த எடுத்துக்கோ. மொதல்ல ரோம் மட்டும் ஏத்து, ஒரு வாரம் ஓட்டிப் பாரு, அப்புறம் கெர்னலுக்குப் போ. லேப்டாப்ல சார்ஜ் நெறைய வெச்சிக்கோ, ஆடற கேபிளத் தூக்கிப் போடு. நான் கையில வெச்சிகீற போன் மேல மட்டும் கண்ணு வெக்காதே, சனிக்கிழமை தறிக்கூலி அதுலதான் வருது. உங்கப்பன் வந்து இன்னாடா பண்றன்னு கேட்டா, தாத்தாவுக்கு எழுத்தப் பெருசாக்கித் தரேன்னு சொல்லிடு.