மருமகனே, மெஷின் வாங்குறதுக்கு முந்தி ஒரு வார்த்தை

மருமகனே, பாரம் சேர்க்கிற மெஷின் வாங்கப் போறியாமே! சிவகாசி முழுக்கப் பேச்சா இருக்கு. மகளைக் கட்டினவனை ஊர் வழக்கத்துக்கு ‘நீங்க’ன்னுதான் சொல்லணும். ஆனா நீ என் அக்கா மகன், நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அந்த உரிமையில ‘நீ’ன்னே பேசுறேன், கோவிச்சுக்காதே. கோவிச்சாலும் கேட்டுட்டுக் கோவி.

முதல்ல, மெஷின் எதுக்குன்னு ஒரு முடிவுக்கு வா. ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்கத்தான்னா எதை வேணும்னாலும் வாங்கு. பெருசா இருந்தா பொட்டு வைக்க இடம் நிறைய கிடைக்கும். வேலைக்குத்தான்னா கொஞ்சம் உட்காரு.

ஆஃப்செட்ல இருந்து வெளியே வர்றது வெறும் தாள். மூணு மடிப்பு மடிச்சா எட்டு ஏடு, 16 பக்கம், ஒரு பாரம். 160 பக்கப் புத்தகத்துக்குப் பத்துப் பாரம். 1000 பிரதின்னா 10,000 பாரம் மடிச்சுக் குவிஞ்சு கிடக்கும். அதுல இருந்து வரிசை பிசகாம ஒவ்வொண்ணா எடுத்து 1000 கட்டு சேர்க்கணும். இதுல பிசகினா என்ன ஆகும் தெரியுமா? 48-ஆம் பக்கத்துல கொலைகாரன் யாருன்னு சொல்லப்போற நேரம், திருப்பினா மறுபடி 33-ஆம் பக்கம்! எழுத்தாளர் ஏதோ புதுமை பண்ணியிருக்கார்னு வாசகன் மரியாதையா இன்னொரு தடவை படிப்பான். கொஞ்சம் படிச்சவனா இருந்தா அதைப் பாராட்டி விமர்சனமே எழுதிடுவான். மூணாவது பாரம் ரெண்டு விழுந்து, நாலாவது பாரம் விழாமலே போன சங்கதி பைண்டருக்கு மட்டும்தான் தெரியும். பைண்டர் சொல்ல மாட்டான்.

எங்க காலத்துல நீள மேசையில பாரங்களை வரிசையா அடுக்கி வச்சு, ஆளுங்க மேசையைச் சுத்திச் சுத்தி வந்து பொறுக்குவாங்க. ரெண்டு தாள் ஒட்டிக்கிட்டு வந்தா விரல் நுனிக்குக் கனம் தெரிஞ்சுடும். கை தானா நிக்கும், ஒண்ணைத் திருப்பி வைக்கும். நீ வாங்கப்போற மெஷின்ல இத்தனை லட்சம் கொடுத்து வாங்குறது அந்த விரல் நுனியைத்தான். வேகத்துக்குக் கொடுக்கிறோம்னு நினைச்சே, ஏமாந்தே.

மெஷின் எப்படி ஓடுதுன்னு விற்கிறவன் இங்கிலீஷ்ல சொல்லியிருப்பான். நீயும் புரிஞ்ச மாதிரி தலையை ஆட்டியிருப்பே. நான் சொல்றேன் கேளு. கல்யாணப் பந்தியில இலை இருந்த இடத்துல இருக்கும், பரிமாறுறவன் நடப்பான். இங்கே பரிமாறுறவன் நின்ன இடத்துல நிப்பான், இலை நடக்கும். வரிசையா பெட்டிகள், ஒவ்வொரு பெட்டியிலயும் ஒரே பாரம். அடியில ரப்பர் சக்கர் காத்தை உறிஞ்சி, கடைசிப் பாரத்தை மட்டும் கீழே வளைக்கும். பிடி அதைக் கவ்வி இழுத்துச் சங்கிலிப் பாதை மேல போடும். சங்கிலியில இருக்கிற தள்ளுகட்டை அதை அடுத்த பெட்டிக்குக் கீழே கொண்டுபோகும். அங்கே அடுத்த பாரம் விழும். கடைசிப் பெட்டியைத் தாண்டுறப்போ முழுப் புத்தகம். நடுவுல பின் அடிக்கிற வாரப் பத்திரிகைன்னா, நடுப் பாரம்தான் முதல்ல விரிஞ்சு கம்பி மேல உட்காரும். மத்ததெல்லாம் அது மேல ஒண்ணொண்ணா கவிழும், அட்டை கடைசி.

இதுவரைக்கும் பெரிய அறிவு ஒண்ணும் இல்லை. இழுக்கிறதுக்கு எந்த மெஷினும் இழுக்கும். இழுத்தது ஒண்ணுதானான்னு பார்க்குது பாரு, அங்கேதான் இருக்கு சூட்சுமம். ஒரு பாரத்தோட கனத்தை முதல்லயே அளந்து சொல்லி வச்சிருப்போம். கனம் கூடினா டபுள், ஒண்ணுமே வராட்டி மிஸ். உடனே மெஷின் நிக்கும், இல்லைன்னா அந்தக் கட்டை மட்டும் ஓரமா தள்ளும். தப்புன்னு தெரிஞ்ச நொடியில நிக்கத் தெரிஞ்சவன் நம்ம வகையறாவுல ஒருத்தன்கூடக் கிடையாது, அதனாலதான் காசு கொடுத்து வெளியில இருந்து வாங்குறோம்.

ஆனா ஒண்ணு. கனம் பார்க்கத் தெரிஞ்சதுக்கு எழுத்து தெரியாது. உன் ஆளு அஞ்சாவது பாரத்தைக் கொண்டுபோய் நாலாவது பெட்டியில கொட்டினா, மெஷின் முகம் சுளிக்காது. ஒண்ணுதானே வருது, கனமும் சரிதானேன்னு 1000 புத்தகத்தையும் ஒரே ஒழுங்கா தப்பாக்கிக் கொடுக்கும். அதுக்குத்தான் ஒவ்வொரு பாரத்தோட முதுகு மடிப்புலயும் ஒரு கறுப்புக் கட்டை அச்சடிக்கிறது, ஒண்ணைவிட ஒண்ணு கொஞ்சம் கீழே தள்ளி. சேர்த்த கட்டோட முதுகைப் பார்த்தா கறுப்பு படி படியா இறங்கணும். படியில இடைவெளி விழுந்தா பாரம் காணோம், ஒரே படி ரெண்டு வந்தா டபுள், ஏறி இறங்கினா வரிசை மாறிப்போச்சு. இதுக்கு மின்சாரம் வேண்டாம், பட்டம் வேண்டாம், கண்ணு போதும். அந்தக் கண்ணுதான் உன் ஆபீஸ்ல எப்பவும் செல்போனுக்குள்ளே கிடக்கு.

படிக்கத் தெரிஞ்ச மெஷின் இல்லாம இல்லை. அமெரிக்காவுல 1935-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தாங்க. கோடிக்கணக்கான ஆளுங்க கணக்கை ஓட்டை போட்ட அட்டையில வச்சாங்க. பழைய அட்டையோட புது அட்டையைச் சேர்க்க 1937-இல் ஐபிஎம் 077-னு ஒரு கொலேட்டர் வந்துச்சு. ரெண்டு பக்கம் ரெண்டு அடுக்கு. ஓட்டையைத் தடவிப் பார்த்து ரெண்டு நம்பரையும் ஒப்பிடும், சின்ன நம்பரை முன்னால விடும், ஜோடி இல்லாததைத் தனிப் பெட்டியில ஒதுக்கும். ஒரு பக்கத்துக்கு நிமிஷத்துக்கு 240 அட்டை. இப்போ புத்தக மெஷின்லயும் கேமராவும் பார்கோடும் வச்சு, விழுந்தது எந்தப் பாரம்னு பார்க்கிறாங்க. உன் கோட்டேஷன்ல அது இருக்கான்னு பாரு. இருக்காது. அதைத்தான் தள்ளுபடின்னு கழிச்சிருப்பான்.

மடிக்காத தாளைச் சேர்க்கிறது வேற ரகம். அடுக்கு மேல அடுக்கா தட்டு வச்ச டவர் மெஷின். ரப்பர் உருளை உரசி எடுக்கும், இல்லைன்னா காத்து ஊதிப் பிரிச்சு உறிஞ்சி எடுக்கும். நம்ம ஊர்க் காய்ச்சல் வெயில் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் நல்லது. தாளுக்கு? காய்ஞ்ச காத்துல தாள்ல மின்சாரம் ஏறி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். மழை வந்தா ஈரம் குடிச்சுச் சுருளும். அதனால ரீமைப் பிரிச்சதும் விசிறி விட்டு, காத்து புகுந்த பிறகு தட்டுல வை. விசிறச் சொன்னா உன் ஆளுங்க முகத்துக்கு விசிறுவாங்க, பார்த்துக்கோ.

கார்பன் இல்லாத பில் புக்ல இன்னும் விவகாரம். மேல் தாளுக்கு முதுகுல மருந்து, அடித்தாளுக்கு நெஞ்சுல மருந்து, நடுத்தாளுக்கு ரெண்டு பக்கமும். வரிசை மாறினா, கடைக்காரர் கை வலிக்க அழுத்தி எழுதுவார், கீழ்த் தாள் வெள்ளையா சிரிக்கும். சில கடைக்காரங்களுக்கு அதுதான் சௌகரியம். அவங்களுக்குன்னு தனியா ஆர்டர் எடுக்காதே.

இந்த வம்பே வேண்டாம்னு ஒதுங்கின கெட்டிக்காரனும் இருக்கான், சீட்டுக்கட்டு அடிக்கிறவன். ஒரு முழுக் கட்டையும் ஒரே பெரிய தாள்ல அச்சடிச்சு, பட்டை பட்டையா நறுக்கி, அதே வரிசையில அடுக்கிடுறான். பிரிச்சாத்தானே சேர்க்கணும்? புதுக் கட்டு வரிசையா இருக்கிற ரகசியம் அதுதான். 1990-இல் ஜெராக்ஸ் கம்பெனி டாக்குடெக்னு கொண்டுவந்ததும் கிட்டத்தட்ட அதே புத்திதான். பக்கங்களை நினைவுல வச்சுக்கிட்டு முதல் பக்கம், ரெண்டாம் பக்கம்னு செட் செட்டாவே அடிச்சுக் கொடுக்கும். இப்போ அந்த வசதி மூலைக்கடை பிரிண்டர்ல ஒரு டிக் அடிக்கிறதுக்குள்ளே இருக்கு. அதை அடிக்க மறந்துட்டு முதல் பக்கத்தை ஐம்பது தடவை எடுத்து, ராத்திரியெல்லாம் தரையில உட்கார்ந்து கையால செட் சேர்ப்பான் பாரு, அவன்தான் என்கிட்டே வந்து ‘மெஷின் வந்து கைவேலை போச்சே பெரியப்பா’ன்னு வருத்தப்படுறவன்.

ஆக, என் யோசனை இதுதான். 100 பிரதி, 200 பிரதிதான் உன் பொழப்புன்னா டிஜிட்டல் பிரிண்டர் போதும். ஆயிரக்கணக்குல பாரம் மடிக்கிறேன்னா மெஷின் வாங்கு, கடன் வாங்கியாவது வாங்கு, என்கிட்டே கேக்காதே. வாங்கின பிறகு முதல் பத்துப் புத்தகத்தை நீயே உட்கார்ந்து பக்கம் பக்கமா புரட்டு. கட்டு மாறுறப்போ முதுகுப் படியைப் பாரு. முக்கியமா இன்னொண்ணு: டபுள் பார்க்கிற சென்சார் அடிக்கடி மெஷினை நிறுத்துதுன்னு சொல்லி, ஒருத்தன் அதை அணைச்சு வைப்பான். அன்னிக்கு உற்பத்தி பிரமாதமா இருக்கும். அடுத்த மாசம் புத்தகமெல்லாம் திரும்பி வரும். அந்த சுவிட்சுல கை வைக்கிறவனை அன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிடு. அவன் என் சிபாரிசுல வந்தவனா இருந்தாலும் சரி, முதலாளியா இருந்தாலும் சரி.